அடுத்த கேள்வியை மறந்துவிடுங்கள்

தஞ்சாவூரில் உளவியல் முதுகலை மாணவர்களுக்கு ஆலோசனைப் பயிற்சி நடத்துகிறேன். ஒரு ரோல் ப்ளேயில் நான் பேராவூரணிப் பக்கத்துத் தென்னை விவசாயி. "கஜா புயல்ல நூத்திருபது மரம் போச்சும்மா. எல்லாம் எங்க அப்பா வெச்சது" என்றேன். எதிரே இருந்த மாணவி தலையாட்டிவிட்டு, "சரிங்க ஐயா, தூக்கம் எப்படி வருது?" என்றார். மடியில் இருந்த தாளில் அடுத்த கேள்வி பசி.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 2018 நவம்பரில், புயல் அடித்த அடுத்த வாரம், ஒரு முகாமில் நானும் படிவத்தோடு உட்கார்ந்து இதையேதான் செய்தேன். ஒரு பெரியவர் பாதியில் எழுந்து போய்விட்டார்.

இப்போது தாளை வாங்கி வைத்துவிட்டு விளையாட விடுகிறேன். எழுதி வைத்த வசனம் இல்லாமல் அந்தந்த நொடியில் பேசி நடிக்கும் நாடகக்காரர்களின் விளையாட்டுகள்தாம். சிகாகோவில் குழந்தைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்த வயோலா ஸ்போலின் உருவாக்கியவை பல. 1963இல் புத்தகமாகவும் வந்தன. நம் ஊர்க்காரர்களுக்கு மனோதர்மம், அதாவது கச்சேரியில் அப்போதைக்கப்போது கற்பனையாக வாசிப்பது, என்றால் சட்டென்று புரியும். நாகஸ்வரக்காரர் எங்கே மூச்சு விடுவார் என்று தவில்காரர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அதுதான்.

எனக்குப் பிடித்தது அந்தாதி. எதிராளி முடித்த சொல்லில் நாம் தொடங்க வேண்டும். தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். "அதுக்கப்புறம் தோப்புப் பக்கம்..." என்று இழுப்பவர் "போனேன்" என்பாரா, "போகவே இல்ல" என்பாரா? முடியும்வரை காத்திருந்தால்தான் தெரியும். முதல் பத்து நிமிஷம் சிரிப்பும் உளறலுமாகப் போகும். அப்புறம் வேகம் குறைந்து, பதிலுக்கு முன்னால் ஒரு மூச்சு இடைவெளி விழும். அதற்காகத்தான் இத்தனை கூத்தும்.

"ஆமா, அப்புறம்?" என்றொரு விளையாட்டும் உண்டு. சொன்னதை மறுக்காமல் அதன்மேல் கட்டிக்கொண்டு போவது. இதில் கவனம் வேண்டும். ஒருவர் மனக்குறையைக் காதில் வாங்குவது வேறு, "ஆமா, எல்லாம் உங்க மருமகளாலதான்" என்று ஒத்து ஊதுவது வேறு. அதேபோல, "இருந்து என்ன பண்ண" என்று ஒருவர் சொன்னால் அங்கே விளையாட்டே கிடையாது. தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அந்தக் கேள்விகளை மட்டும் மனப்பாடமே செய்யச் சொல்கிறேன்.

மூன்றாவது வாரம். அதே மாணவி, அதே விவசாயி.

"எல்லாம் எங்க அப்பா வெச்சது."

"வெச்சப்ப..." என்று தொடங்கி நிறுத்தினார். "நீங்களும் கூட இருந்தீங்களா ஐயா?"

நான் யோசித்து வைக்காத பதில் வாயில் வந்தது. "தண்ணி ஊத்தினது நாந்தாம்மா."