பிளவா, விரிசலா? கண்டம் பிரிவதைத் தமிழில் எப்படிச் சொல்வது

ஆப்பிரிக்கா இரண்டாகப் பிரியப்போகிறது என்ற செய்தி சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி கிளம்பி வருகிறது. கூடவே ஒரு படமும் வரும். கென்யாவில் ஒரு தார்ச்சாலையை அறுத்துக்கொண்டு போகும் ஆழமான பள்ளம். தலைப்பு பெரும்பாலும் 'ராட்சத விரிசல்'. உள்ளே போனால் 'கிழக்கு ஆப்பிரிக்க விரிசல்', 'விரிசல் பள்ளத்தாக்கு', 'கண்ட விரிசல்' என்று அதே சொல்தான். ஆங்கில மூலத்தில் ரிஃப்ட் என்று இருந்த இடங்களிலெல்லாம் விரிசலைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்தில் உள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் கட்டுரைப் போட்டிக்கும் இப்போது அப்படியே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். பாடப்புத்தகத்தில் 'பிளவுப் பள்ளத்தாக்கு' என்று சரியாகப் படித்த பிள்ளைகள், செய்தியைப் பார்த்து அதை அடித்துத் திருத்துகிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் மூலச்சொல். ரிஃப்ட் என்பது ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. கிழித்தல், பிளத்தல் என்பதே அதன் வேர்ப்பொருள். அதை நிலவியலில் நிலைநிறுத்தியவர் ஜான் வால்டர் கிரிகரி என்ற பிரிட்டிஷ் நிலவியலாளர். 1893இல் கென்யாவின் பள்ளத்தாக்கை நேரில் போய் ஆராய்ந்து, 1896இல் வெளியிட்ட நூலுக்கே அந்தப் பெயரை வைத்தார். அவர் சொல்லும் பள்ளத்தாக்கு ஆறு அரித்து உண்டானதல்ல. இணையாக ஓடும் பாறைப் பெயர்வுகளுக்கு, அதாவது பாறை உடைந்து நழுவிய முகங்களுக்கு, நடுவே நிலம் கீழே இறங்கி உண்டானது. அவருக்கு முன்பே ஆஸ்திரிய நிலவியலாளர் எடுவார்ட் சூஸ் இதே அமைப்பை 'கிராபன்' என்ற ஜெர்மன் சொல்லால் விவரித்திருந்தார். அதற்கு அகழி என்று பொருள். சொல் வரலாறு இவ்வளவு போதும்.

இனி அங்கே என்னதான் நடக்கிறது என்று பார்ப்போம். கண்டத்தின் மேலோடு சாதாரணமாக 30 முதல் 40 கிலோமீட்டர் தடிமன் உள்ளது. அது பக்கவாட்டில் இழுபடுகிறது. பரோட்டாவுக்கு மாவை இரண்டு கையாலும் இழுத்தால் கிழிவதற்கு முன்னால் நடுவில் மெலிகிறதல்லவா, அதுபோல மேலோடும் முதலில் மெலிகிறது. ஆழத்தில் உள்ள பாறை சூடாக இருப்பதால் உடையாமல் நீள்கிறது. மேலே உள்ள குளிர்ந்த பாறை அப்படி நீளாது, உடையும். உடைந்த துண்டுகள் சரிவான முகங்கள் வழியாக நழுவி நடுவில் இறங்கும், இரண்டு ஓரமும் உயர்ந்து நிற்கும். இறங்கிய இடத்தில் தண்ணீர் சேர்ந்தால் டாங்கனிகா ஏரி மாதிரி 1,470 மீட்டர் ஆழத்துக்கும், சைபீரியாவின் பைக்கால் ஏரி மாதிரி 1,642 மீட்டர் ஆழத்துக்கும் ஏரிகள் உண்டாகும். கிழக்கு ஆப்பிரிக்காவில் இப்படிப்பட்ட பள்ளத்தாக்குகளின் வரிசை எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியிலிருந்து மொசாம்பிக் வரை 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமாக நீள்கிறது. இரண்டு பக்கமும் விலகும் வேகம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான்.

இதற்கு விரிசல் என்று எப்படிப் பெயர் வைக்க முடியும்? சுவரில் விரிசல் விழுந்தாலும் சுவர் ஒன்றுதான். பானையில் விரிசல் விட்டாலும் பானை ஒன்றுதான். முழுதாக இருக்கும் ஒரு பொருளின் மேல் தெரியும் கோடுதான் விரிசல். அதில் மெலிவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. பிளவு அப்படியல்ல. பாக்குப் பிளவு என்றால் முழுப்பாக்கிலிருந்து பிரிந்த ஒரு துண்டு. விறகைப் பிளந்தால் இரண்டு விறகு. ஒன்று இரண்டாவதுதான் அந்தச் சொல்லின் உயிர். நிலவியல் சொல்லவருவதும் அதைத்தான்.

விரிசலுக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் போகக்கூடாது. 'விரிசல் என்பது விரி என்ற வினையிலிருந்து வருகிறது. கண்டம் இழுபட்டு விரிவதை அந்த வேர் அப்படியே காட்டுகிறது. பிளவு என்ற சொல்லில் இந்த இழுவை இல்லையே' என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேரை வைத்து மட்டும் ஒரு சொல்லுக்கு விலை போட முடியாது. விரிசல் என்று காதில் விழும்போது யாருக்கும் விரிவது நினைவுக்கு வருவதில்லை, சுவர்தான் நினைவுக்கு வருகிறது. அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. விரி என்ற வேர் நமக்கு வேறொரு இடத்தில் கட்டாயம் வேண்டும். கண்டம் முழுதாகப் பிரிந்தபின் நடுவில் கடல் புகுந்து, கடலடியில் புதுப்புதுத் தரை உண்டாகி இரண்டு பக்கமும் நகர்கிறதே, அதைத்தான் கடல்தரை விரிவு என்கிறோம். செங்கடலின் நடுவில் இப்போது நடப்பது அது. முதல் கட்டம் பிளவு, அடுத்த கட்டம் விரிவு. முதல் கட்டத்துக்கே விரிசல் என்று பெயர் வைத்துவிட்டால், விரிசலும் விரிவும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வந்து படிப்பவரைக் குழப்பும். கல்லூரியில் நிலவியல் படிக்கும் ஒரு பிள்ளை இதை எப்படிப் பிரித்துப் பார்க்கும்?

இலக்கணமும் பிளவின் பக்கம்தான் நிற்கிறது. பிள என்ற வினை இரண்டு வழியாகவும் ஓடும். 'விறகைப் பிளந்தான்' என்றும் சொல்லலாம், 'நிலம் பிளந்தது' என்றும் சொல்லலாம். விரிசலுக்கு அந்த வசதி கிடையாது. அது விழும் அல்லது விடும், அவ்வளவுதான். இது அற்ப விஷயமல்ல. கண்டம் ஏன் பிளக்கிறது என்பதற்கு நிலவியலாளர்கள் இரண்டு வகை விளக்கம் வைத்திருக்கிறார்கள். ஒன்று, ஆழத்திலிருந்து சூடான பாறை மேலெழுந்து வந்து, மேலே உள்ள தட்டை, அதாவது கண்டத்தைச் சுமந்து நகரும் பெரும் பாறைப் பாளத்தை, உப்பவைத்துப் பிளப்பது. மற்றொன்று, தூரத்தில் உள்ள விசைகள் தட்டைப் பக்கவாட்டில் இழுக்க, அது தானே பிளந்து, அந்த இடைவெளிக்குக் கீழே உள்ள பாறை ஏறிவருவது. பல இடங்களில் இரண்டும் கலந்தே நடக்கின்றன. முதல் வகையில் மேலெழும் பாறை கண்டத்தைப் பிளக்கிறது; இரண்டாம் வகையில் கண்டம் பிளக்கிறது. ஒரே வினையை வைத்துக்கொண்டு இரண்டையும் தெளிவாக எழுதிவிடலாம்.

எல்லைப்புறத்தில் இருப்பதால் எங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மலையாளத்தில் நிலத்தில் காணும் வெடிப்புக்கு விள்ளல் என்பார்கள். மழைக்காலத்தில் இடுக்கி, வயநாட்டுச் செய்திகளில் அடிக்கடி கேட்கும் சொல் அது. தமிழிலும் விள் என்றால் பிளத்தல், திறத்தல்தான். ஆனால் விள்ளல் என்றால் நமக்கு இப்போது ஒரு விள்ளல் இட்லி என்பதோடு சரி. மலையாளச் செய்தியைப் பார்த்துத் தமிழாக்குகிறவர் விள்ளலை விரிசல் என்று மாற்றுகிறார். வீட்டு முற்றத்து வெடிப்புக்கு அது சரிதான். அதே கையோடு ஆங்கிலத்து ரிஃப்டுக்கும் விரிசலையே போடும்போதுதான் ஆபத்து வருகிறது. மலைச்சரிவில் மழைக்குப்பின் தரை வெடித்தால் அந்த வீட்டை விட்டு உடனே வெளியேற வேண்டும். மண் சரியப்போகிறது என்பதற்கு அது அடையாளம். கண்டப் பிளவோ கோடிக்கணக்கான ஆண்டுக் கணக்கு. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், ஒருவர் பயப்படவேண்டியதற்குப் பயப்படமாட்டார், மற்றவர் பயப்படவேண்டாததற்குப் பயப்படுவார். அந்தக் கென்யா படத்தின் கதையும் இதுதான். 2018 மார்ச்சில் மாய் மாஹியூ, நாரோக் சாலையில் அந்தப் பள்ளம் தெரிந்தது பெருமழைக்குப் பிறகு. எரிமலைச் சாம்பல் கலந்த தளர்வான மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போனதுதான் உடனடிக் காரணம் என்று அங்கே ஆராய்ந்த பல நிலவியலாளர்கள் சொன்னார்கள். அதாவது அங்கே பிளவுப் பள்ளத்தாக்கும் உண்டு, அதற்குள் மழை அரித்த ஒரு வெடிப்பும் உண்டு. இரண்டையும் விரிசல் என்று எழுதியதால் இரண்டும் ஒன்றென்று ஆகிவிட்டது. உண்மையிலேயே பிளவு கண்முன்னால் நகர்ந்தது 2005 செப்டம்பரில், அஃபாரில் உள்ள டப்பாஹூ பகுதியில். சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறைக்குழம்பு உள்ளே புகுந்து, சில நாட்களில் நிலம் சில இடங்களில் 8 மீட்டர் வரை விலகியது. ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்ந்த இழுவை ஒரே மூச்சில் வெளிப்பட்டது. அந்தச் செய்தி தமிழில் இந்தப் படம் அளவுக்குச் சுற்றவே இல்லை.

பிளவு என்ற சொல்லிலும் ஒரு குறை உண்டு. பாறை உடைந்து ஒரு பக்கம் நழுவிய முகத்தையும் நம் புத்தகங்கள் சில பிளவு என்றே எழுதுகின்றன. ஆங்கிலத்தில் ஃபால்ட் என்பது. ஒரு பிளவுப் பள்ளத்தாக்கில் அப்படிப்பட்ட நழுவுமுகங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். உறுப்புக்கும் உடலுக்கும் ஒரே பெயர் வைக்கக்கூடாது. ஃபால்டைப் பாறைப் பெயர்வு என்று எழுதலாம். இடம் பெயர்ந்ததுதான் அங்கே முக்கியம். மலையாளமும் இந்தியும் அதற்கு வைத்திருக்கும் 'பிரம்சம்' என்ற வடசொல்லுக்கும் நழுவி விழுதல் என்பதே பொருள். அப்புறம், அகழி என்ற நல்ல சொல்லைக் கிராபனுக்கு வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வைத்திருக்கலாம். ஆனால் மரியானா அகழி என்று ஆழ்கடல் பள்ளங்களுக்கு அது போய்விட்டது. அங்கே ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புகுகிறது, நேர் எதிரான செயல். இனி அதைத் திரும்ப வாங்க முடியாது.

பிளவைப் பற்றிப் பேசினால் அடியில் உள்ள மேன்டிலைப் பற்றியும் பேசவேண்டும். அதற்குப் பாடப்புத்தகம் வைத்திருக்கும் சொல் கவசம். எனக்கு இதில் உடன்பாடில்லை. கவசம் என்பது வெளியே அணிவது, விறைப்பானது, அடியைத் தாங்குவது. தலைக்கவசம் முதல் கந்தர் சஷ்டி கவசம் வரை அப்படித்தான். மேன்டிலோ மேலோட்டுக்கு உள்ளே இருக்கிறது. சுமார் 2,900 கிலோமீட்டர் தடிமன், பூமியின் கன அளவில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். இவ்வளவு பெரிய பகுதி, தன் வெப்பத்தால் மிக மெதுவாக ஓடிக்கொண்டும் இருக்கிறது. ஓடும் கவசம் என்று எழுதினால் யாருக்குப் புரியும்? மூடகம் என்ற சொல் பரவலாகிவருகிறது. பூமியின் நடுவில் உள்ள கருவை மூடியிருப்பது என்ற பொருள் அதில் வந்துவிடுகிறது. அதையே நான் எழுதுகிறேன்.

சொல்லை விடப் பெரிய தவறு, மூடகத்தைக் 'கொதிக்கும் நெருப்புக் குழம்பு' என்று வருணிப்பது. மூடகம் ஏறக்குறைய முழுவதும் திடப்பாறை. வெப்பம் இருந்தாலும் மேலே உள்ள அழுத்தம் அதை உருகவிடுவதில்லை. பிளவின் அடியில் மேலோடு மெலியும்போது மூடகப் பாறை மேலேறுகிறது, அழுத்தம் குறைகிறது, புதிதாகச் சூடு ஏற்றாமலே அதில் ஒரு சிறு பங்கு உருகுகிறது. பிளவுகளில் எரிமலைகள் வரிசை கட்டுவது இதனால்தான். குழம்பு முன்பே தயாராக நின்று மேலோடு உடைந்ததும் பொங்குகிறது என்று எழுதினால், காரணமும் விளைவும் தலைகீழாகிவிடும்.

எங்கள் ஊரைப் பற்றியும் ஒரு திருத்தம். பாலக்காட்டுக் கணவாயை இப்போது சிலர் 'பூமி விரிசல்' என்று எழுதுகிறார்கள். வாளையாரில் ரயில் ஏறினால் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாமல் கிடக்கிறது. பார்த்தால் அப்படி நினைக்கத் தோன்றும். ஆனால் இந்த வழியாகப் போகும் பாலக்காடு, காவிரிப் பாறை மண்டலம் கண்டங்கள் பிரிந்த இடமல்ல. 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்துண்டுகள் ஒன்றோடொன்று மோதி, உரசி, நசுங்கிய பழைய மண்டலம் அது. கணவாய் என்ற சொல் எதையும் ஊகிக்காமல் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறது, அதுவே போதும். உண்மையான பிளவு வேண்டுமென்றால் இன்னும் மேற்கே, கடற்கரைக்குப் போகவேண்டும். 9 கோடி ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு முன், மடகாஸ்கர் நம்மிடமிருந்து பிரிந்தது அந்தப் பக்கத்தில்தான். உடுப்பிக்கு அருகே செயின்ட் மேரீஸ் தீவுகளில் நிற்கும் தூண் தூணான எரிமலைப் பாறைகள் அந்தக் காலத்தவை.

எல்லாப் பிளவும் கடலாக முடிவதில்லை. பாதியில் நின்றுபோனவையும் உண்டு. கோதாவரிப் பள்ளத்தாக்கு அப்படிப்பட்டது. அங்கே இறங்கிய நிலத்தில் சேர்ந்த படிவங்களில்தான் சிங்கரேணி நிலக்கரி கிடக்கிறது. இந்த வகைக்கு ஆங்கிலத்தில் இருப்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'தோல்வியுற்ற பிளவு' என்று எழுதுகிறார்கள். நிலம் எந்தப் போட்டியிலும் இறங்கவில்லை, தோற்பதற்கு. இழுத்த விசை ஓய்ந்தது அல்லது வேறு பக்கம் திரும்பியது, அவ்வளவுதான். நின்றுபோன பிளவு என்று எழுதினால் நடந்தது முழுவதும் அதில் வந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மூடிவைத்துவிட்டு, அந்த இடத்தில் நிலம் என்ன செய்தது என்று ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டால், இப்படிப்பட்ட சொல் தானாக வாயில் வரும்.