இரு வீட்டிலும் இல்லாதது பிள்ளைக்கு எப்படி வந்தது?

"எங்க பக்கமும் அவர் பக்கமும் யாருக்கும் ஆட்டிசம் கிடையாது. அப்புறம் எப்படி டாக்டர் மரபணுக் காரணம்னு சொல்றார்? இன்னொரு குழந்தை பெத்துக்கலாமா?" நான்கு வயது மகனின் தாய் கேட்டிருக்கிறார். கிரகணத்தன்று வாசலுக்கு வந்ததால்தான் என்று மாமியார் சொல்லிக்காட்டுகிறாராம். படித்ததும் மனசு கனத்துப்போனது.

டாக்டர் சொன்னது சரி. 1977-ல் ஃபோல்ஸ்டீன், ரட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் பிரிட்டனில் இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். மரபணுக்கள் ஒன்றேயான, உருவம் ஒத்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம். உருவம் ஒவ்வாத 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. ஆனால் மரபணுக் காரணம் வேறு, பரம்பரை வேறு. பெற்றோரிடம் இல்லாத மரபணுப் பிழை பிள்ளையிடம் புதிதாகவும் விழலாம்.

ஆணின் விந்தணுவைத் தரும் மூலசெல்கள் பருவ வயதுக்குப் பிறகு ஏறக்குறைய 16 நாளுக்கு ஒருமுறை பிரிகின்றன. ஆண்டுக்குச் சுமார் 23 தடவை. ஒவ்வொரு தடவையும், மரபணுக்கள் எழுதப்பட்டிருக்கும் டிஎன்ஏவின் எழுத்துகள் அத்தனையும் படியெடுக்கப்பட வேண்டும். விந்தணு சுமந்து செல்வதே சுமார் 300 கோடி எழுத்து! எழுதி, சரிபார்த்து, திருத்தி முடித்த பிறகும் எங்கோ ஓரெழுத்து பிசகிவிடுகிறது. 2012-ல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 78 குடும்பங்களில் தாய், தந்தை, பிள்ளை மூவரின் டிஎன்ஏவையும் அடுக்கி வைத்து இந்தப் பிசகுகளை எண்ணியே விட்டார்கள். தந்தைக்கு 20 வயதென்றால் அவர் வழியில் சுமார் 25 புதிய பிழைகள். 40 வயதென்றால் 65. வயது ஒன்று ஏறினால் பிழை இரண்டு கூடுகிறது. தாய் வழியில் வந்தவை 15 போல. அவருடைய கருமுட்டைகள், அவர் தன் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே உருவாகிவிட்டவை அல்லவா!

இந்தப் பிழைகளில் பெரும்பாலானவை தீங்கில்லாத இடத்தில் விழும். அபூர்வமாக ஒன்று சிஎச்டி8 போன்ற மரபணுவில் விழுந்துவிட்டால், கருவில் மூளை வளரும் ஒழுங்கே மாறுகிறது. பெற்றோர் ரத்தத்தில் தேடினால் அது இருக்காது. இதில் யாருடைய குற்றமும் இல்லை. நாற்பதில் தந்தையானவர்களின் பிள்ளைகளிலும் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டிசம் வருவதில்லை.

எல்லாக் குழந்தைகளுக்கும் இதுவே காரணமுமல்ல. பலருக்கு, பெற்றோரிடம் வெளியே தெரியாமல் இருந்த நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு வேறுபாடுகள் ஒன்றுசேர்கின்றன. சூழலுக்கும் பங்குண்டு: கர்ப்பத்தில் ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தொற்று, வலிப்புக்குத் தரும் வால்புரோயேட் மருந்து, குறைமாதப் பிறப்பு. (வால்புரோயேட்டைத் தாமாக நிறுத்துவது ஆபத்து, கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசுங்கள்.) தடுப்பூசிக்குப் பங்கில்லை. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பார்த்தும் எம்எம்ஆர் ஊசிக்கும் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லாவுக்கான தடுப்பூசி) ஆட்டிசத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. கிரகணத்துக்கு எங்கிருந்து வரும்?

அடுத்த குழந்தை? மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால், அடுத்ததற்கும் வரும் வாய்ப்பு பொதுவாக ஐந்தில் ஒன்று. தாய், தந்தை, மூத்த பிள்ளை மூவருக்கும் மரபணுப் பரிசோதனை செய்து, காரணம் புதிதாக விழுந்த பிழைதான் என்று தெரிந்தால், அந்தப் பிழை திரும்ப வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று போலத்தான். ஐந்தில் ஒன்றுக்கும் நூற்றில் ஒன்றுக்கும் நடுவேதான் ஒரு குடும்பத்தின் முடிவே நிற்கிறது. அந்தப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இதற்குச் செலவிடும் பணம் வீணே அல்ல. அந்தத் தாய் முதலில் மரபணு ஆலோசகர் ஒருவரைப் பார்க்கட்டும். கணவரும் கூடவே போகட்டும்.