முழங்கால் உயரத்தில் ஒரு விமானம்

பலகை எழும்பியதை முதலில் காதுதான் கண்டுபிடித்தது. அதுவரை காலடியில் சளசளவென்று அடித்துக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுவதுபோல மெல்லிய ரீங்காரம் மட்டும் கீழே எங்கிருந்தோ வந்தது. குனிந்து பார்த்தேன். பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. பார்த்த கையோடு விழுந்துவிட்டேன்.

"அண்ணா, கீழ பாக்காதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்று கரையிலிருந்து குரல் வந்தது. கற்றுக்கொடுத்த தம்பி கோவளம் குப்பத்துக்காரர், அலைச்சறுக்கில் ஊறியவர். முட்டுக்காட்டுப் பாலத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, உப்பங்கழியில் ஆழமான இடமாகப் பார்த்து நின்றிருந்தோம். காலை ஆறரை மணி. வெயில் ஏறிக் கடல்காற்று எழும்பினால் தண்ணீர் சிலுசிலுக்க ஆரம்பித்துவிடும், புதிதாகப் பழகுபவனுக்கு ஆகாது என்று அந்த நேரத்துக்கே வரச் சொல்லியிருந்தார்.

இந்தப் பலகைக்கு இ-ஃபாயில் என்று பெயர். மேலிருந்து பார்த்தால் சாதாரண அலைச்சறுக்குப் பலகைதான், தடிமன் மட்டும் கொஞ்சம் அதிகம். கவிழ்த்துப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். அடியில் முக்கால் மீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பம் நீட்டிக்கொண்டிருக்கும், மாஸ்ட் என்பார்கள். அதன் நுனியில் ஒரு குட்டி விமானம்: முன்னால் பெரிய இறக்கை, பின்னால் சின்ன வால் இறக்கை, இரண்டையும் இணைக்கும் தண்டு, அதை ஒட்டி மோட்டாரும் புரொப்பெல்லரும். பேட்டரி பலகையின் வயிற்றுக்குள் இருக்கிறது. பெரும்பாலும் 2 கிலோவாட்-மணி அளவு, அதாவது கரன்ட் பில் கணக்கில் 2 யூனிட். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட அது போதும். கையில் துப்பாக்கி விசை மாதிரி ஒரு ரிமோட். அவ்வளவுதான், பிரேக் கிடையாது.

இறக்கை எப்படித் தூக்குகிறது என்பதற்குப் பள்ளியில் ஒரு விளக்கம் சொல்லித்தருவார்கள். இறக்கையின் மேல்பக்கம் வளைந்திருப்பதால் அங்கே பாதை நீளம், மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் ஒரே நேரத்தில் மறுமுனைக்கு வந்துசேர வேண்டும், அதனால் மேல்காற்று வேகமாக ஓடுகிறது என்று. இது தப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் வந்துசேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, சேர்வதும் இல்லை. நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால், சற்றே சாய்ந்த இறக்கை தன்னைக் கடந்து போகும் தண்ணீரைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. தண்ணீரைக் கீழே தள்ளினால் தண்ணீர் நம்மை மேலே தள்ளும், நியூட்டனின் மூன்றாம் விதி. அந்தத் தள்ளல் இறக்கையின் மேலே குறைந்த அழுத்தமாகவும் கீழே கூடிய அழுத்தமாகவும் வந்துசேர்கிறது.

இங்கே தண்ணீர் என்பதுதான் பெரிய விஷயம். கடல்நீர் காற்றைவிடச் சுமார் 850 மடங்கு அடர்த்தி. என்னையும் பலகையையும் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன் இறக்கையின் பரப்பு 1500 சதுர சென்டிமீட்டர், விரித்த தினத்தாளின் ஒரு பக்கத்தைவிடக் குறைவு. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில், சைக்கிளைக் கொஞ்சம் விரட்டி மிதிக்கிற வேகத்தில், இந்தத் துண்டு 100 கிலோவைத் தூக்கிவிடுகிறது. இதே இறக்கையை இதே வேகத்தில் இதே சாய்வில் காற்றில் இழுத்தால் அது தூக்குவது 120 கிராம். இரண்டு மெதுவடை, சட்னி சேர்த்து.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன், எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் ஏர்பஸ் ஏ320 முழுச்சுமையில் சுமார் 78 டன், இறக்கையின் பரப்பு ஏறக்குறைய 122 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 640 கிலோ. என் பலகையில் 100 கிலோவை 0.15 சதுர மீட்டரால் வகுத்தால் சுமார் 670. ஏறத்தாழ ஒரே சுமை! அந்த விமானம் தரையை விட்டுக் கிளம்ப மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அடர்த்தி 850 மடங்கு கூடினால் தேவையான வேகம் அதன் வர்க்கமூலமான 29-ஆல் வகுபடும், ஏன் என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம். வெறும் அடர்த்தியை மட்டும் பார்த்து 270-ஐ 29-ஆல் வகுத்தால் மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம் வருகிறது. விமானம் கிளம்பும்போது இறக்கை மடிப்புகளையெல்லாம் விரித்து, மூக்கை நன்றாகத் தூக்கி, இறக்கையிலிருந்து கறக்க முடிந்ததைக் கறந்துவிடும். நம் பலகைக்கு மடிப்பும் இல்லை, அவ்வளவு சாய்வும் ஆகாது. அதனால்தான் 18 தேவைப்படுகிறது.

சரி, தூக்குவது புரிந்தது. விழுவது ஏன்?

வர்க்கமூலம் எட்டிப் பார்த்த இடத்திலேயே அதற்கான பதிலும் இருக்கிறது. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. 18-இல் போய்க்கொண்டிருந்தவன் ஆசைப்பட்டு ரிமோட் விசையைக் கொஞ்சம் அழுத்தி 20 ஆக்கினால், இறக்கை இப்போது 123 கிலோவைத் தூக்கத் தயார். சுமையோ 100 தான். மிச்சம் 23 கிலோ பலகையை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும்.

படகாக இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. படகு கொஞ்சம் அமிழ்ந்தால் கூடுதல் தண்ணீரை விலக்கும், அது படகை மேலே தள்ளும். எழும்பினால் மிதப்பு குறையும், தானே இறங்கும். கட்டுமரத்தில் போகிறவர் எந்த உயரத்தில் மிதப்பது என்று ஒருநாளும் யோசித்திருக்க மாட்டார். தண்ணீருக்குள் ஓடும் இறக்கைக்கு அப்படி ஒரு தளம் கிடையாது. இரண்டு சாண் ஆழத்திலும் நான்கு சாண் ஆழத்திலும் தூக்குவிசை கிட்டத்தட்ட ஒன்றுதான். எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. மேற்பரப்பை நெருங்கும்போது மட்டும் விசை கொஞ்சம் குறைகிறது. அது ஒரு சின்ன உதவி, நம்பியிருக்க முடியாத உதவி. ஏனென்றால் இறக்கையின் ஒரு முனை வெளியே எட்டிப் பார்த்தால் போதும், மேல்பக்கத்துக் குறைந்த அழுத்தம் காற்றை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில் காற்று ஓடினால் என்ன ஆகும் என்று மெதுவடைக் கணக்கில் பார்த்துவிட்டோம். நான் அன்று விழுந்ததில் பாதி இந்த வகை.

மீதிப் பாதிக்குக் காரணம் என் அவசரம். குளியலறையில் கீசர் குழாயைத் திருகியிருப்பீர்கள். திறந்தால் பச்சைத் தண்ணீர் வருகிறது. இன்னும் திருகுகிறோம், அப்போதும் பச்சைத் தண்ணீர். இன்னும் கொஞ்சம். திடீரென்று கொதிக்கக் கொதிக்கக் கொட்டுகிறது. அலறி மூடினால் மறுபடி குளிர். குழாயில் கோளாறு இல்லை. நாம் செய்வதற்கும் அது வந்துசேர்வதற்கும் நடுவே ஒரு தாமதம் இருக்கிறது, அதைப் பொறுக்காமல் நாம் திருத்திக்கொண்டே போகிறோம். பலகையிலும் இதே கதைதான். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கால் அழுத்த 0.2 நொடியாவது ஆகும். அப்புறம் பலகை சாய்ந்து, இறக்கை திசை மாறி, உயரம் மாற இன்னும் கொஞ்ச நேரம். "ஏறுகிறதே" என்று முன்னங்காலை அழுத்தி, அது இறங்கத் தொடங்கியதும் "இறங்குகிறதே" என்று பின்னங்காலை அழுத்தினால் ஒவ்வொரு திருத்தமும் தப்பான நேரத்தில் போய்ச் சேரும். ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். நம் மீனவர்கள் டால்பினை ஓங்கில் என்பார்கள். கரையிலிருந்து பார்த்தால் நான் ஓங்கில் மாதிரியே மேலும் கீழும் துள்ளிக்கொண்டு போனேனாம். விமானிகளுக்கும் இந்த வியாதி உண்டு, தரையிறங்கும்போது சிலசமயம் விமானத்தையே இப்படி ஆட்டிவிடுவார்கள்.

"கம்மியா பண்ணுங்க. பாதி பண்ணுங்க. ஒண்ணுமே பண்ணாம இருந்து பாருங்க" என்று தம்பி சொன்னது பொறியியல் கல்லூரியில் கட்டுப்பாட்டியல் பாடமாக ஒரு செமஸ்டர் முழுக்க நடத்தப்படுவது. தாமதம் இருக்கிற அமைப்பில் திருத்தத்தின் அளவைக் குறைத்தால்தான் ஆட்டம் அடங்கும்.

பக்கவாட்டில் சாய்வது கேட்கப் பயமாக இருந்தாலும் அவ்வளவு மோசமில்லை. ஒட்டடைக்கம்பை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள், கொஞ்ச நேரம் சமாளிக்கலாம். பென்சிலை நிறுத்த முடியாது. உயரமான பொருள் மெதுவாகச் சாயும், குட்டையானது நம் 0.2 நொடிக்குள் கவிழ்ந்துவிடும். இறக்கையிலிருந்து என் இடுப்பு வரை ஒன்றரை மீட்டருக்கு மேல் இருக்கிறது, ஆக நான் ஒட்டடைக்கம்பு ஜாதி. அதோடு பலகை இடப்பக்கம் சாய்ந்தால் தூக்குவிசையும் இடப்பக்கம் சாயும், பலகை இடப்பக்கம் வளைந்து ஓடி மறுபடி நம் காலுக்கடியில் வந்துசேரும். வாடகை சைக்கிளில் பழகியவர்களுக்கு இது தெரிந்ததுதான்: சாய்கிற பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பு என்பார்கள். முன்சக்கரத்தைப் பார்க்காதே, தெருமுனையைப் பார் என்பதும் அங்கே கேட்டதே. காலடியில் ஓடும் தண்ணீர் வேகத்தைத்தான் காட்டும், எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்பதைத் தூரத்துக் கரைதான் காட்டும்.

பழக்கும் முறையிலும் இந்த அறிவியல் ஒளிந்திருக்கிறது. முதலில் குப்புறப் படுத்தபடியே ஓட்டச் சொல்கிறார்கள். சமநிலைக் கவலை இல்லாமல் விரலுக்கு மட்டும் பாடம். அடுத்து முட்டிபோட்டு. கணுக்கால், முழங்கால் என்று ஆடுகிற மூட்டுகள் அப்போது வேலையில் இல்லை. கடைசியில்தான் நிற்பது. ஆரம்பத்துக்கு அகலமான பலகை, பெரிய இறக்கை, முடிந்தால் குட்டையான மாஸ்ட். இறக்கை பெரிதானால் குறைந்த வேகத்திலேயே எழும்பும், விழுந்தாலும் மெதுவாக விழலாம்.

ரிமோட் விசையை அழுத்துவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உந்துவிசை பிறப்பது அடியில், உடல் எடை இருப்பது மேலே. மாநகரப் பேருந்து கிளம்பும்போது நிற்கிறவர்கள் பின்னால் சாய்வார்களே, அதே மாதிரி அழுத்தினால் நாம் பின்னால் போவோம், பலகையின் மூக்கு தூக்கும். பயந்து விசையை முழுக்க விட்டால் ஓட்டுநர் சடன் பிரேக் போட்ட கதை, மூக்கு குத்தும். உயரம் கூடிப்போனால் விசையில் கைவைக்காமல் முன்னங்காலில் எடையைக் கூட்ட வேண்டும். பயத்தில் உடம்பு செய்வதோ நேரெதிர், பின்னால் சாயும். பின்னால் சாய்ந்தால் இறக்கையின் சாய்வு கூடி இன்னும் ஏறும்.

விழுவதற்கும் முறை உண்டு. இறக்கையின் விளிம்பு கத்திமாதிரி, அதனால் பலகையை விட்டு விலகிப் பக்கவாட்டில், தட்டையாக விழ வேண்டும். தலைகுப்புறப் பாயக் கூடாது. ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் கட்டாயம். விசையிலிருந்து விரல் எடுத்தாலே மோட்டார் நிற்கும். பதற்றத்தில் விரல் இறுகிப் பிடித்திருந்தாலும் இன்னொரு காவல் இருக்கிறது: ரிமோட் பேசுவது ரேடியோ அலையில், உப்புத்தண்ணீர் அதை விழுங்கிவிடும். கை தண்ணீருக்குள் போனதும் தொடர்பு அறுந்து மோட்டார் அடங்கிவிடும். உப்பு இங்கே நமக்கு நல்லது செய்கிறது, வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் போல்ட்டுகளுக்குக் கெட்டதும் செய்யும்.

இந்த யோசனை புதிதில்லை. இத்தாலியில் என்ரிகோ ஃபோர்லானினி 1906-இலேயே மஜ்ஜோரே ஏரியில் இறக்கை கட்டிய படகை ஓட்டிக் காட்டினார். தொலைபேசிக்குப் பெயர்போன கிரஹாம் பெல்லின் எச்டி-4 படகு 1919-இல் கனடாவில் மணிக்கு 114 கிலோமீட்டரைத் தொட்டது. ஒரு மனிதன் நிற்கிற பலகைக்குள் அடங்க லித்தியம் பேட்டரியும் சின்ன பிரஷ்லெஸ் மோட்டாரும் வந்துசேர வேண்டியிருந்தது.

எட்டரை மணிக்குப் பலகை தானாகத் திணறி நின்றது. கரைக்கு இழுத்து வந்து, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தால் புரொப்பெல்லரில் அறுந்த நைலான் வலைத்துண்டு. தம்பி அதை நிதானமாகச் சுற்றுச்சுற்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் இத்தனை நேரமும் என் விழுகைகளை எண்ணியிருப்பார் போல. எழுந்து வந்து இறக்கையைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல மீன் எவ்ளோ ஏத்தலாம் தம்பி?"

மணலில் கணக்குப் போட்டேன். 20 கிலோ மீன் ஏற்றினால் மொத்தம் 120. எடை 1.2 மடங்கு, வேகம் அதன் வர்க்கமூலம், 1.1 மடங்கு. 18-க்குப் பதில் 20-இல் ஓட்டினால் தூக்கிவிடும் ஐயா என்றேன்.

"வெல?"

பெயர்பெற்ற கம்பெனிப் பலகை என்றால் இறக்குமதி வரியோடு பத்து லட்சத்தைத் தாண்டும் என்று சொன்னேன். அவர் இறக்கையை இன்னொருமுறை பார்த்தார், தன் ஃபைபர் படகைப் பார்த்தார், திரும்பிப் போய் வலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்.