சென்சாரா, வயரா?

பழைய கார் ஒன்று காலையில் ஒழுங்காகக் கிளம்புகிறது. அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் மட்டும் திணறுகிறது. புகைக்குழாயில் பெட்ரோல் வாடை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனையெல்லாம் கரி. மைலேஜும் இறங்கிவிட்டது. காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் 'கலவையில் எரிபொருள் அதிகம்' என்று ஒரு பிழைக் குறியீடு (கோடு) வரலாம். உடனே புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுவார்கள். பாவம், எரிபொருள் அதிகமாகப் போகிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னது அது ஒன்றுதான்.

இப்படிப்பட்ட அறிகுறிகளுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது கூலன்ட் வெப்பநிலை சென்சாரை. கட்டைவிரல் அளவுகூட இருக்காது. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றி ஓடும் நீரில், அதாவது கூலன்ட்டில், முனையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆனால் பெட்ரோலை எவ்வளவு ஊற்றுவது என்று ஈசியு எனப்படும் எஞ்சின் கணினி முடிவு செய்வதில் இதன் சொல்லுக்குப் பெரிய மதிப்பு உண்டு. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. ஒரு பகுதி சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்ட ஈசியு கூடுதலாக ஊற்றும். கார்பரேட்டர் காலத்தில் குளிரில் கிளப்ப, கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்துவிடுவோமே, அதே வேலைதான். எஞ்சின் சூடான பிறகும் சென்சார் 'இன்னும் குளிர்தான்' என்றால், சோக்கை உள்ளே தள்ள மறந்துவிட்டு ஊர் சுற்றுவது போல ஆகிவிடும்.

அப்படியானால் ஓடும்போது தெரியாத கோளாறு சூட்டில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஏன் இவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது? ஓடும்போது ஆக்சிஜன் சென்சார் புகையை முகர்ந்து பார்த்து, ஓரளவுக்குத் தவறைத் திருத்திவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும் அந்தச் சில நொடிகளில் அந்தத் திருத்தம் கிடையாது. வெப்பநிலை எண்ணை நம்பித்தான் பெட்ரோல் ஊற்றப்படுகிறது.

சரி, இந்தச் சென்சார் பொய் சொல்வது எப்படி? அதற்கு வெப்பநிலை என்றால் என்னவென்றே தெரியாது. உள்ளே இருப்பது தெர்மிஸ்டர்: மாங்கனீஸ், நிக்கல் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைச் சுட்டுச் செய்த ஒரு சிறு மணி. சாதாரண உலோகக் கம்பி சூடானால் மின்தடை கூடும், இதில் குறையும். வெள்ளி சல்பைடு இப்படித் தலைகீழாக நடந்துகொள்வதை மைக்கேல் ஃபாரடே 1833-லேயே கவனித்திருக்கிறார். கார்களில் பரவலாக உள்ள ஒரு வகையில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2,500 ஓம், 50 டிகிரியில் 830, 80 டிகிரியில் 320 ஓம் இருக்கும்.

ஈசியு தனக்குள் இருக்கும் ஒரு நிலையான தடை வழியாக 5 வோல்ட்டை இந்தத் தெர்மிஸ்டருக்கு அனுப்புகிறது. மறுமுனை எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை. இரண்டு தடைகளும் 5 வோல்ட்டைத் தங்கள் அளவுக்கு ஏற்பப் பங்கு போட்டுக்கொள்ளும். தெர்மிஸ்டரின் பங்கை அளந்து, அட்டவணையில் பார்த்து, 'இத்தனை டிகிரி' என்று ஈசியு முடிவுக்கு வருகிறது. அது பார்ப்பது வோல்ட்டேஜை மட்டும்தான். வழியில் இருக்கும் வயர், கனெக்டர், எர்த் எல்லாம் சேர்ந்து கொடுக்கும் வோல்ட்டேஜ் அது.

பழைய காரில் கனெக்டருக்குள் பச்சை பூத்து 500 ஓம் தடை கூடுதலாகச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காலையில், 20 டிகிரியில், 2,500 என்பது 3,000 ஆகிறது. ஈசியு 16 டிகிரி என்று நினைக்கும். நான்கு டிகிரிதான் பிசகு, யாருக்கும் தெரியாது. எஞ்சின் 80 டிகிரியைத் தொட்டதும் 320 என்பது 820 ஆகிறது. இப்போது ஈசியு நினைப்பது 50 டிகிரி! அதே துரு, அதே 500 ஓம், ஆனால் முப்பது டிகிரி தப்பு. காலையில் நல்ல பிள்ளையாக இருந்த கார் சூட்டில் அடம்பிடிப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். 50 டிகிரி என்பது நம்பக்கூடிய எண் என்பதால், பழைய ஈசியு பெரும்பாலும் செக் எஞ்சின் விளக்கைக்கூட எரிக்காது.

கோடு வந்தாலும் அதை அளவாகத்தான் நம்ப வேண்டும். பி0118 என்றால் 'வெப்பநிலை சர்க்யூட்டில் வோல்ட்டேஜ் அதிகம்' என்று பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்று அதில் எங்கும் சொல்லவில்லை. ஒரு வயர் அறுந்தாலும் அதே கோடுதான் வரும்.

டாஷ்போர்டு முள்ளைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. பல பழைய கார்களில் முள்ளுக்கு ஒரு சென்சார், ஈசியுவுக்கு வேறொன்று. முள் நடுவில் நின்றுகொண்டிருக்கும்போதே ஈசியு குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கலாம்.

சோதனையை இரவு முழுக்க நின்ற காரில் தொடங்குவது நல்லது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் மேலே போட்ட கணக்குப்படி, இதில் தேறிவிட்டால் மட்டும் போதாது. எஞ்சினைச் சூடாக்கி, தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) இருக்கும் உறையின் மேல் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டி, ஸ்கேனர் எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஸ்கேனரில் எண்களே வராத அளவுக்குப் பழைய கார் என்றால் மல்டிமீட்டரில் வோல்ட்டேஜைப் பார்க்கலாம்.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள்: ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரிக்கு இறங்க வேண்டும். இப்போது கனெக்டரின் இரண்டு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள்: 130-க்கு மேல் ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் ஈசியுவும் நலம், சந்தேகம் சென்சார் மீதும் அது கனெக்டரோடு சேரும் இடத்தின் மீதும்தான். இணைத்த பிறகும் 65-லேயே நின்றுவிட்டால்? சென்சார்தான் கழன்று கிடக்கிறதே, பிறகு அது எப்படிக் குற்றவாளியாகும்? தடை வயரிலோ எர்த்திலோ இருக்கிறது. (சில ஈசியுக்கள் துண்டிப்பைக் கண்டதும் தாங்களாக ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளும், அங்கே வோல்ட்டேஜைத்தான் அளக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இந்த வயர்களில் பேட்டரியின் 12 வோல்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.)

எர்த்தைச் சோதிக்க, கனெக்டரை மாட்டிய நிலையில், சாவியைப் போட்டு, சென்சாரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே அளக்கலாம். 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் அந்தப் பாதையில் கோளாறு. பல சென்சார்கள் ஒரே எர்த்தைப் பகிர்ந்துகொள்வதால், மூன்று சென்சார்கள் ஒரே நாளில் 'கெட்டுப்போனால்' நான் மூன்றையும் விட்டுவிட்டு அந்த எர்த்தைத்தான் தேடுவேன்.

சென்சார் மேலேதான் சந்தேகம் என்றால், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கழற்றி, முனையை மட்டும் ஒரு பாத்திரத் தண்ணீரில் அமிழ்த்தி மெல்லச் சூடாக்கலாம். பக்கத்தில் ஒரு வெப்பமானி, முனைகளில் மல்டிமீட்டர். ஓம் எண் சீராக இறங்கிவந்து, அந்தக் காரின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அட்டவணையோடு பொருந்த வேண்டும். நடுவில் குதித்தாலோ ஒரே இடத்தில் நின்றாலோ, அப்போது புதியது வாங்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் எண் குறைவாகவே வருகிறதா? தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டிருந்தால் எஞ்சின் நிஜமாகவே சூடேறாது; சென்சார் சொல்வது உண்மைதான். கூலன்ட் குறைந்து, சென்சாரைச் சுற்றிக் காற்று அடைத்திருந்தாலும் எண் தப்பாகும். சென்சார் மாற்றிய கையோடு இந்தக் காற்றை வெளியேற்றாமல் விட்டு, புதியதும் மோசம் என்று திட்டியவர்கள் நிறைய பேர்.