கட்சி மாறிய பிள்ளைக்கு மாத்திரை கிடையாது

இந்த மாதத்தில் இது மூன்றாவது குடும்பம். 22 வயது மகனோடு வந்த அப்பா உட்காருவதற்கு முன்பே சொன்னார்: "கல்லூரியில் யாரோ இவனை மூளைச்சலவை செய்துவிட்டார்கள், டாக்டர். ஏதாவது மாத்திரை எழுதிக் கொடுங்கள்." மகன் செய்த குற்றம், வீட்டுக் கட்சிக்கு ஓட்டுப் போட மாட்டேன் என்றது. அவன் எந்தப் பக்கம் போனான் என்பது எனக்குத் தேவையில்லை. மூன்று வீட்டிலும் மூன்று வேறு கட்சிகள். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

பையன் நன்றாகத் தூங்குகிறான், சாப்பிடுகிறான், பரீட்சை எழுதியிருக்கிறான்.

மூளைச்சலவை என்ற சொல்லை இப்படி வாரி இறைக்காதீர்கள். 1950களில், கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்கக் கைதிகளை ஒட்டிப் பரவிய சொல் அது. ஆளை அடைத்துவைத்து, தூங்கவிடாமல், வெளித்தொடர்பை அறுத்து, மிரட்டி மிரட்டிச் செய்கிற கொடுமை. விடுதியில் வேறு ஊர், வேறு சாதிப் பிள்ளைகளோடு ஒரே அறையில் தங்கி, விடியும்வரை வாக்குவாதம் செய்வது அதில் சேராது. அமெரிக்காவின் பென்னிங்டன் கல்லூரியில் 1930களில் தியோடர் நியூகோம்ப் என்ற சமூக உளவியலாளர் இதை ஆராய்ந்தார். பழமைவாதக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவிகள் பலர் படிப்பு முடிவதற்குள் கருத்து மாறியிருந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத் தேடிப்போய்க் கேட்டபோதும் பெரும்பாலோர் மாறிய பக்கமே நின்றார்கள். யாரோ ஏற்றிய மயக்கம் அத்தனை காலம் தாங்குமா?

வழக்கம்போல் அந்த அப்பாவிடம் குடும்ப வரலாறு கேட்டேன். "தாத்தா கதர்க்காரர். அப்பா 1965 மொழிப் போராட்டத்தில் கல்லூரி மாணவர். அதோடு காங்கிரஸை விட்டுத் தி.மு.க.வுக்கு வந்துவிட்டார்" என்றார் பெருமையாக. உங்கள் அப்பாவை யார் மூளைச்சலவை செய்தார்கள் என்று கேட்டேன். வெகுநேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஒருவர் தன் சமூகத்தின் அரசியல் கருத்துகளோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது. என்னிடம் மாத்திரை கேட்காதீர்கள். கல்லூரிக் கட்டணத்தை நிறுத்துவேன் என்று மிரட்டாதீர்கள். பிள்ளைகளே, நீங்களும் சாப்பாட்டு வேளையில் அப்பாவின் தலைவரைக் கேலி செய்யாதீர்கள். அந்தக் கொடியோடு அவருடைய இளமையும் இருக்கிறது.

பல நாள் தூக்கமில்லாமல் திரிந்தால், யாரோ தன்னைப் பின்தொடர்வதாக நடுங்கினால், சாக வேண்டும் என்று பேசினால் உடனே அழைத்து வாருங்கள். இரவானாலும் பார்க்கிறேன்.