‘புல் அப்’ கேட்டதும் கை எங்கே போக வேண்டும்?

தரையிறங்க வந்துகொண்டிருக்கும்போது காக்பிட்டில் “டெரெய்ன், டெரெய்ன், புல் அப்!” (தரை, தரை, மேலே ஏற்று!) என்று எச்சரிக்கைக் கருவியின் குரல் கேட்டால் விமானி செய்ய வேண்டியது ஒன்றுதான்: உடனே விமானத்தை மேலே ஏற்ற வேண்டும். ஏன் கேட்டது, நிஜமா பொய்யா என்பதையெல்லாம் பாதுகாப்பான உயரத்துக்குப் போன பிறகு பேசிக்கொள்ளலாம். வகுப்பில் இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். சிமுலேட்டரில் உட்கார்ந்ததும் கதை மாறிவிடுகிறது. பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: எதிர்பாராமல் அந்தக் குரல் வந்ததும் பலரும் முதலில் முன்னால் சாய்ந்து நேவிகேஷன் திரையைப் பார்க்கிறார்கள். அப்புறம் பக்கத்து சீட்டைப் பார்க்கிறார்கள். “என்ன இது?” என்று ஒரு கேள்வி. அதற்குள் ஐந்தாறு விநாடி போய்விடுகிறது. 140 நாட் வேகத்தில் வரும் விமானம் ஒரு விநாடிக்குச் சுமார் 72 மீட்டர் நகரும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

2012 மே 9 அன்று ஜகார்த்தாவின் ஹலீம் விமான நிலையத்திலிருந்து வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காகக் கிளம்பிய சுகோய் சூப்பர்ஜெட், சலாக் மலையில் மோதியது. இருந்த 45 பேரும் இறந்தார்கள். மோதுவதற்கு 38 விநாடி முன்பே எச்சரிக்கை ஒலித்துவிட்டது. மலை மேகத்துக்குள் மறைந்திருந்தது. கருவியின் தரவில்தான் ஏதோ கோளாறு என்று கேப்டன் நினைத்தார், எச்சரிக்கையை அணைத்தும்விட்டார். முதல் எச்சரிக்கை வந்து 24 விநாடிக்குள் மேலே ஏறியிருந்தால்கூடத் தப்பியிருக்கலாம் என்று விசாரணையாளர்கள் பிறகு சிமுலேட்டரில் சோதித்துச் சொன்னார்கள். இந்த 24 விநாடி என்னை ரொம்பவே உறுத்துகிற எண். தயங்கிவிட்டுப் பிறகு சுதாரித்திருந்தாலும் அன்று எல்லோரும் வீடு திரும்பியிருப்பார்கள்.

அனுபவசாலிகளே ஏன் நம்ப மறுக்கிறார்கள்? பழைய கருவிக்கு இதில் பங்கு உண்டு. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த டிடபிள்யூஏ நிறுவனத்தின் போயிங் 727 விமானம் வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் டான் பேட்மேன் என்ற பொறியாளர் உருவாக்கிய தரை எச்சரிக்கைக் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது. உயிர் காத்த கருவிதான். ஆனால் அது, ரேடியோ அலையைக் கீழே அனுப்பித் தரையிலிருந்து உயரம் அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டரை நம்பி நேர் கீழே மட்டும் பார்த்தது. எதிரே செங்குத்தாக நிற்கும் மலை அதற்குத் தெரியாது. காரணமில்லாமலும் கத்தும். 1990களில் பேட்மேனின் குழுவே கொண்டுவந்த அடுத்த தலைமுறைக் கருவி, விமானம் இருக்கும் இடத்தைத் தன்னிடமுள்ள நிலப்பரப்பு வரைபடத்தோடு ஒப்பிட்டு முன்னால் பார்க்கிறது. மோத ஏறக்குறைய ஒரு நிமிடம் இருக்கும்போது மஞ்சள் எச்சரிக்கை. அரை நிமிடம் அளவுக்கு நெருங்கினால் சிவப்பு. கருவி இவ்வளவு முன்னேறிய பிறகும், ‘இது சும்மா கத்தும்’ என்ற பழைய எண்ணம் காக்பிட்டுகளில் இன்னும் மிச்சமிருக்கிறது.

மஞ்சள் எச்சரிக்கை வேறு, சிவப்பு வேறு. “சிங்க் ரேட்” (மிக வேகமாக இறங்குகிறாய்) என்றால் இறங்கும் வேகத்தைத் திருத்தலாம். தரைக்கு அருகில் திருத்த முடியாவிட்டால் கோ அரவுண்ட், அதாவது தரையிறங்காமல் மறுபடி மேலே ஏறிவிட வேண்டும். “புல் அப்” என்றால் திருத்தும் கட்டம் முடிந்துவிட்டது. நல்ல பகல் வெளிச்சத்தில், தரையும் தடைகளும் தெளிவாகக் கண்ணில் தெரிந்து, ஆபத்தில்லை என்று உறுதியாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. இரவிலும் மேகத்திலும் அந்த விதிவிலக்கு கிடையாது.

கைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போயிங் 737-ல் இடது சீட்டில் இருப்பவரின் இடக்கைக் கட்டைவிரல் ஆட்டோ பைலட்டைத் துண்டிக்கிறது. வலக்கை, இன்ஜின் விசையைக் கூட்டும் த்ரஸ்ட் லீவர்களைக் கடைசிவரை முன்னால் தள்ளுகிறது. அதே நேரத்தில் இறக்கைகளைச் சமமாக்கி மூக்கை 20 டிகிரிக்கு உயர்த்த வேண்டும். இறக்கைமேல் எழும்பி வேகத்தைக் குறைக்கும் தகடுகளான ஸ்பீடு பிரேக் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரத்தையும், இறக்கையின் பின்விளிம்பில் நீளும் ஃபிளாப்பையும் தரை விலகும்வரை தொடக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் ரேடியோ உயரத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். சிமுலேட்டரில் பலருக்கு மூக்கு பத்துப் பன்னிரண்டு டிகிரியிலேயே நின்றுவிடுகிறது. பயணிகள் மிரண்டுவிடுவார்களே என்று கை தானாகத் தயங்குகிறது.

இந்த வரிசையில் எளிதில் மறந்துபோவது ஸ்பீடு பிரேக். 1995 டிசம்பர் 20 இரவு கொலம்பியாவின் காலி நகருக்கு இறங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 757-ல் விமானிகள் எச்சரிக்கைக்கு உடனே செயல்பட்டார்கள். முழு த்ரஸ்ட்டும் கொடுத்தார்கள். ஆனால் இறங்குவதற்காகத் திறந்த ஸ்பீடு பிரேக் திறந்தபடியே இருந்தது. 159 பேர் இறந்தார்கள்.

பக்கத்து சீட்டில் இருப்பவரின் பொறுப்பு இன்னும் கடினமானது. 2010 ஜூலை 28 அன்று இஸ்லாமாபாத்தில் மழைமேகத்துக்கு நடுவே சுற்றி வந்து தரையிறங்க முயன்ற ஏர்ப்ளூ ஏ321, மார்கல்லா குன்றுகளில் மோதி 152 பேர் இறந்தார்கள். ஒரு நிமிடத்துக்கும் மேலாக எச்சரிக்கைகள் ஒலித்தன. இடப்பக்கம் திருப்புங்கள், மேலே ஏற்றுங்கள் என்று துணை விமானி கேப்டனிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். கட்டுப்பாட்டைத் தானே எடுத்துக்கொள்ளவில்லை. பறப்பின் தொடக்கத்தில் கேப்டன் அவரை மட்டம் தட்டிப் பேசியதை விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அதே ஆண்டு மே 22 அன்று மங்களூரிலும் எச்சரிக்கைகள் வந்தன, துணை விமானி கோ அரவுண்ட் போகச் சொன்னார், கேப்டன் தொடர்ந்து இறங்கினார். 158 உயிர்கள். இளம் விமானிகளுக்கு நான் சொல்வது: இரண்டு முறை சொல்லியும் அசைவில்லை என்றால் “ஐ ஹேவ் கண்ட்ரோல்” என்று சொல்லிவிட்டு நீங்களே மேலே ஏற்றுங்கள். கேப்டன்களுக்குச் சொல்வது: அவர் அப்படிச் செய்யத் துணியும் விதமாகக் காலையில் முதல் பிரீஃபிங்கிலேயே பேசுங்கள். பயணிகளுக்கும் ஒன்று: தரையைத் தொடப்போன விமானம் திடீரென்று மேலே ஏறினால், உங்களுக்காக யாரோ சரியாக முடிவெடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

தடை என்றால் மலை மட்டுமல்ல. டவர், கிரேன், உயரமான கட்டடம் எல்லாம் அதில் சேரும். “அப்ஸ்டகிள் அஹெட், புல் அப்” என்றும் கருவி சொல்லும். ஆனால் தரவில் ஏறாத தடை அதற்குத் தெரியாது. நேற்று எழுப்பிய கிரேனை, விமானிகளுக்கு வெளியிடப்படும் நோட்டாம் அறிவிப்பைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டடம் கட்டுபவர்கள் உயரத்துக்குத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டியிருப்பதும் இதற்காகத்தான்.

கருவி பேசாமலே இருந்துவிடும் சந்தர்ப்பமும் உண்டு. 2022 மே 23 அன்று பாரிஸ் சார்ல்ஸ் டி கோல் விமான நிலையத்தில் மேகமும் மழையுமாக இருந்தது. இறங்கிவந்த ஓர் ஏ320-க்குக் காற்றழுத்த அளவு 1001 என்பதற்குப் பதிலாக 1011 என்று சொல்லப்பட்டது. பத்து ஹெக்டோபாஸ்கல் பிழை ஏறக்குறைய 280 அடி உயரப் பிழையாகிறது. காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் விமானிகளுக்கு எல்லாம் சரியென்று காட்ட, ஓடுபாதைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் முன்பே விமானம் தரையிலிருந்து 6 அடி உயரத்துக்கு வந்துவிட்டது. ஓடுபாதை தெரியாததால் கோ அரவுண்ட் போனார்கள், தப்பினார்கள். காக்பிட்டில் தரை எச்சரிக்கை ஒலிக்கவே இல்லை. அதனால் தரையிலிருக்கும் விமானக் கட்டுப்பாட்டாளர் சொல்லும் அழுத்த அளவை, விமான நிலையத்தின் வானிலைத் தகவலை ஒலிபரப்பும் ஏடிஸ் பதிவில் கேட்டதோடு ஒப்பிடுங்கள். ஒரு எண் வேறாக இருந்தாலும் அதே மூச்சில் திருப்பிக் கேளுங்கள். ஆயிரம் அடியில் ரேடியோ ஆல்டிமீட்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.