கேஸ் ஹீட்டரின் பைலட் அணைகிறதா? நாப்பைக் கட்டாதீர்கள்

போன கிழமை கந்தப்பளைப் பக்கம் ஒரு சின்ன விடுதிக்கு, குசினி அடுப்பின் ஹோஸ் மாற்றப் போயிருந்தேன். வேலை முடிந்து வரும்போது ஓர் அறைக்கதவு திறந்து கிடந்தது. உள்ளே கேஸ் ஹீட்டர். நாப்பை, அதாவது பற்றவைக்க அமுக்கித் திருகும் குமிழை, உள்ளே அமுக்கி, அதன்மேல் ஓர் ஐந்து ரூபாய்க் குத்தியை வைத்து, பைண்டிங் வயரால் சுற்றி முறுக்கிக் கட்டியிருந்தார்கள். "கைய விட்டா அணைஞ்சு போகுதுண்ணே, அதான் கட்டிட்டேன்" என்றார் பொறுப்பாக இருந்த தம்பி. முதல் நாள் இரவு அந்த அறையில் ஒரு குடும்பம் தங்கியிருக்கிறது. பிள்ளைகளுக்குத் தரையில் மெத்தை. காலையில் எல்லோருக்கும் தலையிடி, சின்னவனுக்கு வாந்தி. "நுவரெலியா குளிர் ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்களாம்.

குளிருக்கு வாந்தி வராது தம்பி.

இந்த வருஷம் நான் அவிழ்க்கும் நான்காவது கட்டு இது. ஒன்றில் ரப்பர் பட்டி, இன்னொன்றில் மரச்சீவல் செருகல். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பைலட் என்பது ஹீட்டரின் பெரிய சுடரைப் பற்றவைக்க உள்ளே எரிந்துகொண்டிருக்கும் சின்னச் சுடர். அதற்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குச்சிதான் தெர்மோகப்பிள். அது சூடானால் 20, 30 மில்லிவோல்ட் தரும். அவ்வளவுதான், ஆனால் வால்வுக்குள் இருக்கும் மேக்னட்டைப் பிடித்து வைக்க அது போதும். சுடர் போனால் குச்சி ஆறும், மேக்னட் விடும், கேஸ் நிற்கும். நாப்பைக் கட்டிவிட்டால் மேக்னட்டின் வேலையை வயர் பார்க்கிறது. சுடர் இருக்கிறதா இல்லையா என்று வயருக்குத் தெரியாது. கதவிடுக்கில் வரும் ஒரு காற்றுக்குச் சுடர் அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். எல்.பி. கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். பிள்ளைகளின் மெத்தை எங்கே கிடந்தது என்று மேலே சொன்னேன்.

சரி, பைலட் நிற்காததற்குப் பாதிக் காரணம் அவசரம். பற்றவைத்ததும் நாப்பை விட்டுவிடுகிறார்கள். 20, 30 விநாடி நன்றாக அமுக்கிப் பிடியுங்கள், குச்சி சூடேற வேண்டாமா? சிலிண்டர் மாற்றிய உடனே என்றால் ஹோஸில் இருக்கும் காற்று வெளியேற இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும். இடையில் கேஸ் மணம் தூக்கலாக வந்தால் நிறுத்திவிடுங்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சிலும் கை வைக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

அப்படிப் பிடித்தும் நிற்கவில்லையென்றால், ஹீட்டர் நன்றாக ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். குச்சியின் நுனி சுடருக்குள் இருக்கிறதா, விலகி நிற்கிறதா? கரி பிடித்திருக்கிறதா? கந்தப்பளை ஹீட்டரில் நுனி மையில் தோய்த்த மாதிரி இருந்தது. மெல்லிய எமரித் தாளால் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் கரி போகும். வால்வுப் பக்கத்து நட் தளர்ந்திருந்தால் விரலால் இறுக்கி, ஸ்பேனரால் ஒரு கால் சுற்று மட்டும். ஓங்கி முறுக்கினால் உள்ளே இருக்கும் இன்சுலேஷன் நசுங்கி, நல்ல தெர்மோகப்பிளும் செத்துப்போகும். மீட்டரில் 10 மில்லிவோல்ட்கூட வரவில்லையென்றால் மாற்ற வேண்டியதுதான். அதற்காக ஹீட்டரையே மாற்றச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

சுடர் நீலமாக, கூராக இருக்க வேண்டும். மஞ்சளாக ஆடினால் பைலட் துளையில் தூசியோ சிலந்தி வலையோ இருக்கிறது. ஏப்ரல் சீசன் முடிந்து மாதக்கணக்கில் மூலையில் கிடக்கும் ஹீட்டர்களில் சிலந்தி குடியேறாதது அபூர்வம். ஊசியால் குத்தாதீர்கள். அந்தத் துளையின் அளவை வைத்துத்தான் எல்லாமே நடக்கிறது. காற்றடித்துத்தான் எடுக்க வேண்டும்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம். பைலட் நன்றாகப் பற்றுகிறது, ஒரு மணி நேரம் எரிகிறது, பிறகு தானாக அணைகிறது. கதவைத் திறந்துவிட்டுப் பற்றவைத்தால் மறுபடி எரிகிறது. "மெசின் பழுது" என்கிறார்கள். பெரும்பாலும் மெசின் நன்றாகத்தான் இருக்கிறது. அறையில் வைக்கும் இப்போதைய ஹீட்டர்களில் ஒட்சிசனைக் கவனிக்கும் பைலட் உண்டு. காற்றில் ஒட்சிசன் 21 வீதம். அது 18 வீதத்தை நெருங்கினால் சுடர் தெர்மோகப்பிளை விட்டு எழும்பிவிடும், கேஸ் நிற்கும். நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றே மெல்லியது, அதனால் கொழும்பில் அணையாத ஹீட்டர் இங்கே சீக்கிரம் அணையும். அணைவது உங்களை எழுப்புவதற்கு. அதன் வாயைத்தான் வயரால் கட்டுகிறீர்கள்.

"கேஸ் மணக்கலியே, என்ன பயம்?" இந்தக் கேள்வியை எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன்! 2021 கடைசியில் நாடு முழுக்க கேஸ் வெடிப்புகள் நடந்த பிறகு, எல்லோரும் சவர்க்கார நுரை தடவி லீக் பார்க்கப் பழகிவிட்டோம். நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் மணம் சேர்த்திருப்பது எரியாத கேஸில். காற்றுப் போதாமல் அரைகுறையாக எரியும்போது வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நுரை அதைக் காட்டாது. இரத்தத்தில் ஒட்சிசன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். தலையிடி, தலைசுற்று, வாந்தி, கைகால் சோர்வு, அப்புறம் தூக்கம். ஓர் அறையில் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்து, வெளியே வந்ததும் குறைந்தால் அது இதுதான். உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். லயத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கரிச்சட்டி வைக்கும் அம்மாமாருக்கும் இதையேதான் சொல்கிறேன். கரி இன்னும் மோசம், அணைத்துவிட அதில் தெர்மோகப்பிளும் இல்லை.

ஜன்னல் கண்ணாடியைப் பாருங்கள். உள்பக்கம் தண்ணீர் வழிகிறதென்றால் எரிந்த கேஸின் ஈரம் வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. ஈரம் போக வழியில்லாத அறையில் வேறெதுவும் போகாது. ஹீட்டர் எரியும்வரை ஜன்னலை இரண்டு விரல் அகலத்துக்காவது திறந்து வையுங்கள். குளிர் வரும்தான், வரட்டும். கதவுக்கடியில் சாக்கு அடைக்காதீர்கள். படுக்கும் முன் அறையைச் சூடாக்கிக்கொண்டு, ஹீட்டரை அணைத்துவிட்டுப் படுங்கள். விடுதி நடத்துபவர்கள் ஒவ்வொரு அறையிலும் காபன் மொனொக்சைட் அலாரம் மாட்டுங்கள். புகை அலாரம் வேறு, அது இதற்கு உதவாது. சீசனுக்கு முன் ஒரு தடவை ஹீட்டர்களைத் திறந்து காட்டுங்கள்.

கந்தப்பளையில் வயரை அவிழ்த்து, பைலட் முழுவதையும் மாற்றிக் கொடுத்தேன். அரை மணி நேர வேலை. தம்பி பக்கத்திலேயே நின்று பார்த்தார். எழுந்துபோய் அவரே ஜன்னல் கொக்கியைத் தளர்த்திவிட்டார்.

உங்கள் அறையில் பைலட் நிற்கவில்லையென்றால் அன்றிரவு ஹீட்டர் வேண்டாம். இரண்டு கம்பளி கூடுதலாகப் போர்த்திக்கொள்ளுங்கள், பிள்ளைகளை நடுவில் போட்டுக்கொள்ளுங்கள். விடிந்ததும் வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.